எல்லோரும் கேட்கும் அலைவரிசை

உல்லாவின் கார் வந்த வேகத்தைப் பார்த்தபோதே ஏதோ சரியில்லை என்று மாரிட்டுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மண்பாதையில் அப்படி ஓட்டுகிறவள் அல்ல உல்லா. வேட்டைக் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி ஓடி வந்தாள். இரவு உடைக்கு மேல் புருஷனின் பெரிய கோட்டு, காலில் தோட்டத்துக்குப் போடும் ரப்பர் செருப்பு. செப்டம்பர் மாதம்தான், ஆனாலும் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடந்தது.

"ஹென்னிங் எங்கே?" என்றாள்.

"எங்கே இருப்பான், பரண்லதான் இருக்கான். என்ன ஆச்சு உனக்கு?"

மூஸ் வேட்டையின் முதல் நாள் அது. ஸ்வீடனின் வடக்கே அந்த ஊரில் வருஷத்தில் இதைவிடப் பெரிய நாள் கிடையாது. கிறிஸ்துமஸ்கூட இதற்கு அடுத்தபடிதான். குதிரையைவிட உயரமான அந்தக் காட்டு மானுக்காகப் பள்ளிக்கூட வாத்தியார் முதல் பல் டாக்டர் வரை லீவு போட்டுவிட்டுக் காட்டில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். மாரிட்தான் வேட்டைக் குழுவின் தலைவி. யார் எந்தப் பரணில் ஏறுவது, எப்போது துப்பாக்கியில் தோட்டா போடுவது, எப்போது எடுப்பது என்று எல்லாமே அவள் சொல்வதுதான். விடியும்போதே எல்லோரையும் அவரவர் பரணுக்கு அனுப்பிவிட்டாள். 'தோட்டா போடலாம்' என்று வாக்கி டாக்கியில் உத்தரவும் கொடுத்தாகிவிட்டது. போன்டுஸ் தன் நாயைக் காட்டுக்குள் அவிழ்த்து விட்டிருந்தான்.

உல்லா மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள். கண் விழித்தபோது பக்கத்தில் படுக்கை ஜில்லென்று கிடந்ததாம். சமையலறை மேஜையில் ஹென்னிங்கின் செல்போன், பர்ஸ், கல்யாண மோதிரம் மூன்றும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தனவாம். போன வாரம் முழுக்க வீட்டை ஒழுங்கு பண்ணிக்கொண்டே இருந்தானாம். இரண்டு குளிர்காலத்துக்குப் போதுமான விறகைப் பிளந்து அடுக்கினானாம். புகைபோக்கி சுத்தம் பண்ண யாரைக் கூப்பிட வேண்டும், தண்ணீர் பம்பு நின்றுபோனால் எதைத் திருக வேண்டும் என்று கேட்காமலே அவளுக்குப் பாடம் எடுத்தானாம்.

"நேத்து ராத்திரி எனக்கு நன்றி சொன்னான், மாரிட். எதுக்குன்னு கேட்டேன். காப்பிக்குன்னான்." உல்லாவின் உதடு கோணியது. "நேத்து காப்பி நான் போடவே இல்ல. அவன்தான் போட்டான்."

இவள் சொல்வது என்னவென்று மாரிட்டுக்கு நன்றாகவே புரிந்தது. ஹென்னிங் கையில் இப்போது துப்பாக்கி இருக்கிறது, அதில் தோட்டாவும் இருக்கிறது. போடச் சொன்னவளே அவள்தான்.

இந்த ஊர்க்காரர்களின் மரியாதையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த மரியாதையில் இடி விழ. ஏப்ரல் கடைசியில் ஹென்னிங்குக்கும் உல்லாவுக்கும் இருந்த ஒரே பிள்ளை ஹாம்புஸ் பனி ஸ்கூட்டரோடு ஏரிக்குள் போய்விட்டான். உறைந்த ஏரி நடுவில் பிளந்துவிட்டது. பத்தொன்பது வயது. சாவுக்கு ஊரே வந்தது. பெட்டி மேல் ஆளுக்கொரு பூ வைத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், தேவாலயக் கூடத்தில் காப்பி குடித்தார்கள். அதோடு வாயைப் பூட்டிக்கொண்டார்கள். துக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு பண்ணக் கூடாது, நிம்மதியாக விட்டுவிட வேண்டும் என்பது இங்கே பால் குடிக்கும்போதே ஊட்டப்படும் புத்தி. உல்லா கடைக்குள் வந்தால் ஆட்கள் மக்ரோனி அலமாரிக்குப் பின்னால் மறைந்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல, முகத்துக்கு நேராக என்ன சொல்வதென்று தெரியாமல்தான். விடிகாலையில் யாரோ வந்து அவர்கள் வீட்டுக் கூரையைச் சரி பண்ணிவிட்டுப் போனார்கள், யாரோ கதவுப் பிடியில் மீனை மாட்டிவிட்டுப் போனார்கள். அழைப்பு மணியை அழுத்த மட்டும் ஒரு விரல் இல்லை. அந்தப் பையனின் பெயரை அதற்கப்புறம் யாரும் உச்சரிக்கவில்லை. மாரிட்டும் இதில் சேர்த்திதான். ஹென்னிங்கும் அவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவன் வீட்டைத் தாண்டும்போதெல்லாம் வண்டியின் வேகத்தைக் குறைப்பாள், பிறகு நிறுத்தாமல் போய்விடுவாள்.

வாய் திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஏரிப் பனி விஷயத்தில் ஹென்னிங் சொன்னால் சொன்னதுதான். துளை போட்டு, அளந்து, காதை வைத்துக் கேட்டு அவன் தலையாட்டினால்தான் ஊரார் ஏரியில் வண்டியை இறக்குவார்கள். அப்படிப்பட்டவன் தன் பிள்ளையிடம் அன்றைக்கு என்ன சொன்னான்? எல்லோர் மனசிலும் அந்தக் கேள்வி இருந்தது. கேட்கத்தான் யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

மாரிட் முதலில் அவசர உதவி எண்ணை அழைத்தாள். ஆம்புலன்ஸ் கிளம்புகிறது, ஆனால் நகரத்திலிருந்து வந்து சேர நேரமாகும் என்றார்கள். அவளே போகலாம் என்றால், ஹென்னிங் இருந்தது வடகோடிப் பரண். அதற்கும் பாதைக்கும் நடுவே பெரிய சதுப்பு நிலம், மரமே இல்லாத வெட்டவெளி. பலகைப் பாதையில் நடந்து வருகிறவரை மேலே இருப்பவன் தூரத்திலேயே பார்த்துவிடுவான். பார்த்தால் என்ன செய்வான் என்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மிச்சம் இருந்தது வாக்கி டாக்கி ஒன்றுதான். ஆனால் குழுவுக்கு இருப்பது ஒரே அலைவரிசை. ஒருவர் பேசினால் எல்லோர் காதிலும் விழும். அதில் மூஸைத் தவிர வேறு பேச்சுக் கூடாது என்பது எழுதாத சட்டம். யாராவது வானிலையைப் பற்றிப் பேசினாலே மாரிட் எரிந்து விழுவாள். ஒரு மனிதனிடம் தனியாகக் கேட்கவே நாக்கு கூசும் விஷயத்தை, இப்போது ஏழு பேர் காதில் போட்டுக் கேட்க வேண்டும்.

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"எல்லாரும் கேளுங்க. வேட்டை நிறுத்தம். தோட்டாவ வெளிய எடுங்க. எடுத்தவங்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

இந்த உத்தரவு வந்தால் எடுத்தே ஆக வேண்டும், எடுத்தேன் என்று பதிலும் சொல்லியாக வேண்டும். முதலில் சிக்வார்ட் கிழவரின் குரல் வந்தது. "எடுத்தாச்சு. ஏன், மூஸுக்கும் லீவு விட்டாச்சா?" என்றார். அடுத்து கடைக்காரி டாக்னி எடுத்தேன் என்றாள். பிறகு பல் டாக்டர், அவர் தம்பி, வாத்தியார். காட்டுக்குள்ளிருந்து போன்டுஸ், தான் எடுத்துவிட்டதாகவும் ஆனால் நாய் ஏதோ ஒரு தடத்தைப் பிடித்துவிட்டது, கூப்பிட்டால் வர மாட்டேன் என்கிறது என்றும் சொன்னான்.

"ஹென்னிங்?" என்றாள் மாரிட்.

இரைச்சல் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் அதே இரைச்சல். முப்பது வருஷ வேட்டையில் அந்த உத்தரவுக்கு அவன் பதில் சொல்லாமல் இருந்ததே இல்லை. உல்லா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுவரில் மாட்டியிருந்த உபரி வாக்கி டாக்கியை எடுத்து மாரிட் அவள் கையில் திணித்தாள். கேட்டுக்கொண்டே இரு, இந்தப் பொத்தானை அழுத்தினால்தான் உன் குரல் போகும், இப்போதைக்கு அழுத்தாதே, ஆம்புலன்ஸ் வந்தால் வழி காட்டு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். காட்டுப் பாதை முடியும் இடத்தில் வண்டியைப் போட்டுவிட்டுச் சதுப்பின் ஓரத்துக்கு வந்து நின்றாள். அந்தக் கோடியில் பரண் தெரிந்தது, நான்கு கம்பத்தின் மேல் ஒரு பலகைக் கூண்டு. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி, வேட்டைக்குப் போடும் உடுப்பு. அசையவில்லை.

சுற்றி வளைத்துப் பேசிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அஞ்சு மாசமாகச் சுற்றி வளைத்துத்தானே இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம் என்று அவளுக்கே அவள் மேல் ஆத்திரமாக வந்தது.

"ஹென்னிங், நான் மாரிட். உன் மோதிரம் மேஜை மேல இருக்குதுன்னு உல்லா சொன்னா. எல்லாரும் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். கேக்கட்டும். நேரடியாவே கேக்கறேன். நீ சாகணும்னு நினைச்சுட்டு இருக்கியா?"

சிக்வார்ட் இருமவில்லை, போன்டுஸ் நாயைக் கூப்பிடவில்லை. பிறகு அலைவரிசை 'கிளிக்' என்றது. உதட்டைக் குவித்துக் காற்றைச் சட்டென்று உள்ளே இழுக்கும் சத்தம் ஒன்று வந்தது. வெளியூர்க்காரன் கேட்டால் யாரோ திடுக்கிட்டதாக நினைத்துக்கொள்வான். அந்தப் பக்கத்தில் 'ஆமாம்' என்பதை அப்படித்தான் சொல்வார்கள்.

எல்லோரும் கேட்டுவிட்டார்கள்.

கேட்டது தப்போ, வாயில் வார்த்தையைப் போட்டுக் கொடுத்துவிட்டோமோ என்று மாரிட் பதறினாள். ஆனால் அவன் பதில் சொல்லியிருக்கிறான். பதில் சொல்கிறவன் இன்னும் இருக்கிறான். சொன்னது நல்லதாகப் போயிற்று என்று அவனிடம் சொன்னாள். நான் நடந்து வருகிறேன், நீ பேச வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றாள். பலகை மேல் காலை வைத்தாள்.

"வராதே," என்றான் ஹென்னிங். குரல் கரகரத்திருந்தது.

அவள் நின்றாள்.

"அவன் தொப்பி எங்கே?"

"எது?"

"கொட்டகையில ஆணியில மாட்டியிருந்த அவன் தொப்பி. காலையில பாத்தேன். வெறும் ஆணிதான் இருந்துச்சு."

மாரிட்டுக்குச் சுருக்கென்றது. போன வாரம் கொட்டகையைப் பெருக்கும்போது ஹாம்புஸின் அந்த ஆரஞ்சுத் தொப்பியை எடுத்து ஒளித்து வைத்தவள் அவளேதான். இவன் வந்து பார்த்தால் மனசு உடைந்துபோவான் என்று நினைத்தாள். வரைபடத்தில் 'ஹாம்புஸ் பரண்' என்றிருந்ததையும் அழித்துவிட்டு வெறும் எண்ணைப் போட்டுவைத்தாள். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக அன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"நான்தான் எடுத்தேன். நீ பாத்தா வேதனைப்படுவேன்னு எடுத்தேன். என் வீட்ல பத்திரமா இருக்கு."

"அஞ்சு மாசமா ஒருத்தர் வாயிலயும் அவன் பேரு வரல," என்றான் ஹென்னிங். "இப்ப தொப்பியும் இல்ல. அப்படி ஒரு பையன் இருந்தானா, இல்ல நானா கற்பனை பண்ணிக்கிட்டேனான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு."

மாரிட்டுக்கு வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அப்போது அலைவரிசையில் போன்டுஸ் குறுக்கிட்டான். முப்பதைத் தாண்டியவன், பேச்சைவிட நாயோடு குரைப்பதே அதிகம் என்று அவனை எல்லோரும் கேலி பண்ணுவார்கள்.

"ஹாம்புஸ் இருந்தான்," என்றான். "நல்லாவே இருந்தான். போன வருஷம் என் நாயோட கழுத்துப்பட்டைய இரவல் வாங்கிட்டுப் போனான் உன் பையன். திருப்பியே தரல. கேட்டா, உன் நாயவிட எனக்குத்தான் பொருத்தமா இருக்குன்னு கழுத்துல மாட்டிக் காமிக்கறான். ஹாம்புஸ், ஹாம்புஸ், ஹாம்புஸ். போதுமா? இன்னும் வேணும்னா சொல்றேன்."

கடைசி வார்த்தையில் அவன் குரல் உடைந்துவிட்டது.

மாரிட் நடக்க ஆரம்பித்தாள். மெதுவாக, கைகள் இரண்டும் தெரிகிற மாதிரி. காதில் டாக்னியின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மக்ரோனி அலமாரிக்குப் பின்னால் முதலில் ஒளிந்தவளே தான்தான் என்று அவள் சொன்னாள். தன் கடையிலேயே, தன் அலமாரிக்குப் பின்னாலேயே ஒளிந்தாளாம். உல்லா போன பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதாளாம். ஹாம்புஸ் ஏழு வயதில் மிட்டாய் திருடி மாட்டிக்கொண்டதும், மறுநாள் ஒரு தவளையைக் கொண்டுவந்து அபராதம் என்று கொடுத்ததும் உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். பரணில் அந்தப் புள்ளி லேசாக அசைந்ததை மாரிட் பார்த்தாள். எதற்கு அசைந்தது என்று அவளுக்குப் புரியவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் சிக்வார்ட். "செவ்வாய்க்கிழமையானா நான் டவுனுக்குப் பிங்கோ ஆடப் போறேன்ல. ஒரு தடவையாவது ஜெயிச்சியா பெருசுன்னு எல்லாப் பயலும் கிண்டல் பண்ணுவீங்க. நான் பிங்கோவுக்குப் போகவே இல்ல."

"அப்ப எங்கதான் போறே?" என்றான் போன்டுஸ், தன்னை மறந்து.

"தேவாலயத்துக்குப் பின்னால ஒரு அறை இருக்கு. ஆளைப் பறிகொடுத்தவங்க கூடிப் பேசுவாங்க. என் வீட்டுக்காரி எம்மா செத்த வருஷம் நானும் பரண்ல ஏறி இவன மாதிரிதான் உக்காந்திருந்தேன். யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா மானம் போயிடும்னு இருந்தேன். அங்கே போய் முதல் மூணு வாரம் காப்பி மட்டும் குடிச்சேன், வாயத் திறக்கல. நாலாவது வாரம் திறந்தேன். அப்புறம் என்னை மூட வைக்கறதுதான் அவங்களுக்குப் பெரும்பாடாயிடுச்சு." கிழவர் ஒரு தடவை இருமிக்கொண்டார். "ஹென்னிங், என் வண்டியில ஒரு சீட் காலியாத்தான் போகுது. நீ வந்து காப்பி மட்டும் குடி. நான் வேற எதுவும் கேக்கல."

பாதிச் சதுப்பைத் தாண்டியிருப்பாள். வலது பக்கக் காட்டுக்குள்ளிருந்து நாயின் குரைப்பு திடீரென்று நெருங்கி வந்தது. சுள்ளி முறிந்தது. மரங்களைப் பிளந்துகொண்டு ஒரு கிடா மூஸ் வெளியே வந்தது. அகலக் கொம்பும் ஆளுயரக் காலுமாக நேரே வந்து பலகைப் பாதையின் குறுக்கே நின்றுவிட்டது. அவளுக்கும் பரணுக்கும் நடுவில், கல்லெறி தூரத்தில். அதன் மூக்கிலிருந்து ஆவி வந்தது. பிடரி மயிர் எழும்பியிருந்தது.

மூஸ் மிரண்டால் மனுஷனை மிதித்தே கொன்றுவிடும். ஓட இடமில்லை, பலகையை விட்டு இறங்கினால் இடுப்பளவு சேறு.

"மாரிட், அசையாதே." ஹென்னிங்தான். குரல் தாழ்ந்து, நிதானமாக வந்தது. "காத்து உன் பக்கம் அடிக்குது, உன் வாசனை அதுக்குப் போகாது. உன்னை அது இன்னும் பாக்கல. கண்ணப் பாக்காதே, கீழ பாரு. போன்டுஸ், நாயை நிறுத்து."

"அது என் பேச்சக் கேக்காது, ஹென்னிங்."

"விசிலடி. ரெண்டு நீளம், ஒரு குட்டை. ஹாம்புஸ் விசிலுக்கு வரும்ல, அது மாதிரி அடி."

விசில் கேட்டது. குரைப்பு நின்றது. மாரிட் தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பரண் மேலேயிருந்து ஒரு துப்பாக்கி அவள் பக்கம் நீண்டிருக்கிறது, அதில் தோட்டா இருக்கிறது, அது இப்போது தன்னைக் காப்பாற்றத்தான் நீண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த மிருகம் போன பிறகு அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதுதான் தெரியவில்லை. மூஸ் காதை ஆட்டியது. பிறகு, ஊர்க்கவலை தனக்கு எதற்கு என்பதுபோலச் சேற்றில் சளக் சளக்கென்று நடந்து எதிர்க்காட்டுக்குள் போய் மறைந்தது. அந்த வருஷம் கண்ணில் பட்டதிலேயே பெரிய மூஸ் அதுதான். ஒருவர்கூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"போயிடுச்சு," என்றான் ஹென்னிங். பிறகு மூச்சு மட்டும் கேட்டது. பொத்தானிலிருந்து விரலை எடுக்க மறந்திருந்தான். "நான்தான் சொன்னேன்," என்ற பிறகுதான் எடுத்தான்.

"என்ன சொன்னே?" என்று கேட்டாள் மாரிட். தெரிந்தும் கேட்டாள். அவன் வாயால் அது வெளியே வர வேண்டியிருந்தது.

"பனி தாங்கும்னு. வாசப்படியில உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருந்தேன். அப்பா, தாங்குமான்னு கேட்டான். அன்னைக்கு நான் அளக்கவே இல்ல. ரெண்டு நாள் முன்னாடி அளந்ததுதான் மனசுல இருந்துச்சு. ஊருக்கெல்லாம் அளந்து அளந்து சொன்னவன், என் பிள்ளைக்குத் தலையத் திருப்பிக்கூடப் பாக்காம சொன்னேன். தாங்கும், போன்னுட்டேன்."

உன் தப்பில்லை என்று சொல்ல மாரிட் வாயெடுத்தாள், சொல்லவில்லை. அது எவ்வளவு மலிவான வார்த்தை என்று அவளுக்கே தெரிந்தது. அவன் கேட்டுக்கொண்டிருப்பது அதை அல்ல. பரணில் ஆரஞ்சுப் புள்ளி குனிந்தது. மாரிட் இனி எதையும் பார்ப்பதில்லை என்று ஓட ஆரம்பித்தாள். பலகை வழுக்கியது, ஒரு கால் சேற்றில் முழங்கால் வரை இறங்கியது. பிடுங்கிக்கொண்டு மறுபடி ஓடினாள்.

"ஹென்னிங்."

உல்லாவின் குரல். அலைவரிசையில் அதுவரை இல்லாத குரல்.

"உல்லா?" என்றான் அவன். பயந்துபோன குரல். "நீ எங்கே இருக்கே?"

"கொட்டகையில. எல்லாத்தையும் கேட்டேன். எனக்குத் தெரியும், ஹென்னிங். ஏப்ரல்லேர்ந்தே தெரியும். சமையலறை ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு. அவன் கேட்டதையும் கேட்டேன், நீ சொன்னதையும் கேட்டேன். கூரையிலேர்ந்து தண்ணி சொட்டிட்டு இருந்துச்சு. இன்னைக்கு வேணாம்டா கண்ணான்னு சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன். பாத்திரத்தைக் கழுவிட்டு நின்னேன்."

அவள் அழவில்லை. குரல் வறண்டு, கிட்டத்தட்ட அதட்டலாக இருந்தது.

"நீயா வந்து சொல்லுவேன்னு அஞ்சு மாசமா காத்துட்டு இருக்கேன். நீ விறகு பிளந்துட்டே இருந்தே. எனக்கு உன்மேல கோவம். கொஞ்சநஞ்சம் இல்ல. பக்கத்துல படுத்துட்டு, இவன் கழுத்த நெரிக்கலாமான்னு பாத்துட்டே விடிய விடிய முழிச்சிருந்திருக்கேன். என்மேலயும் அதே கோவம்தான். இதெல்லாம் நான் யார்கிட்ட கொட்டறது? அவன் பல்லு முளைச்ச அன்னைக்கு எப்படிக் கத்தினான்னு உன்ன விட்டா யாருக்குத் தெரியும்? நீயும் போயிட்டா அவனப் பத்தி நான் யார்கூட சண்டை போடறது? காப்பிக்கு நன்றியாம், நன்றி. இறங்கி வா. என் முன்னால உக்காந்து வாங்கிக் கட்டிக்கோ. அழறதுன்னா அங்கே உக்காந்து அழு, நானும் அழறேன். ஆனா தனியா தப்பிச்சுப் போகலாம்னு நினைக்காதே. அதுக்கு நான் விட மாட்டேன்."

பொத்தானை விட்ட சத்தம் கேட்டது. மாரிட் ஓடிக்கொண்டிருந்தாள், மூச்சு நெஞ்சைக் கிழித்தது. பரண் பெரிதாகிக்கொண்டே வந்தது. மேலே அவன் தோள் தெரிந்தது, கைகள் தெரியவில்லை.

கிளிக்.

"ஹென்னிங் பேசறேன்," என்றான். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "தோட்டா... எடுத்தாச்சு."

"கேட்டாச்சு," என்றார் சிக்வார்ட். அடுத்து டாக்னி, கேட்டாச்சு. பல் டாக்டர், அவர் தம்பி, வாத்தியார், போன்டுஸ், ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சொன்னார்கள். வழக்கத்தில் அதைத் தலைவி மட்டும்தான் சொல்ல வேண்டும். மாரிட் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தாள்.

அவன் துப்பாக்கியைப் பரணிலேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு ஏணியில் இறங்கினான். கடைசிப் படியில் கால் தடுமாறி, ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். மாரிட் வந்து சேர்ந்தாள், ஒரு பக்கம் முழுக்கச் சேறு. கட்டிப்பிடித்துக்கொள்ள அந்த ஊரில் யாருக்கும் பழக்கம் இல்லை. அவள் அவன் கோட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், விடவே இல்லை. ஆம்புலன்ஸ் வருகிறது, டாக்டர் ஒருவரிடம் நீ பேசித்தான் ஆக வேண்டும், நான் கூடவே வருவேன், உல்லாவும் வருவாள் என்றெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான். முகம் நனைந்திருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

சதுப்பின் அந்தக் கரையில் ஆரஞ்சு நிறத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். அவரவர் பரணை விட்டு இறங்கி எல்லோரும் பலகைப் பாதையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னால், காரைக் காட்டுப் பாதையில் போட்டுவிட்டு, பெரிய கோட்டும் ரப்பர் செருப்புமாக ஒருத்தி, யார் கூப்பிட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தாள்.

ஹென்னிங் அவளையே பார்த்தான்.

"ரொம்பக் கோவமா இருக்காளா?" என்று கேட்டான்.

"இருக்கா," என்றாள் மாரிட்.

"சரி," என்றான் ஹென்னிங். கோட்டுக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பலகை மேல் ஏறி, அவள் வரும் திசையில் நடக்க ஆரம்பித்தான்.